உவமைக்காரர் வீட்டுச் சலவை

குடிக்கிற புருஷனோடு கூடக் காலம் தள்ளிவிடலாம். அவன் தூங்குகிற நேரமாவது வீடு நிம்மதியாக இருக்கும். ஆனால் எதைப் பார்த்தாலும் அதில் ஒரு பாடம் கண்டுபிடிக்கிற புருஷன் இருக்கிறானே, அப்படி ஒருத்தன் எதிரிக்குக்கூட வாய்க்கக் கூடாது. சலவைக்கடைக்காரம்மா இதைத் தினமும் ஒரு தடவையாவது சொல்லிக்கொள்வாள். சில நாள் இஸ்திரிப் பெட்டியிடம் சொல்வாள், சில நாள் கர்த்தரிடமே நேரடியாகச் சொல்லிவிடுவாள்.

பால் பொங்கி அடுப்பு அணைந்தால் போதும், பக்கத்து அறையிலிருந்து ஓடி வருவார். "பாத்தியா, அளவுக்கு மீறின வைராக்கியம் தன் நெருப்பைத் தானே அணைச்சுக்கும்." சரிதான் சாமி, அடுப்பைத் துடைக்கப் போவது யார்? குழாய் ஒழுகினால் அதை ரிப்பேர் பண்ணுவதற்கு முன் அரை மணி நேரம் அதன் முன்னால் நிற்பார். சொட்டுச் சொட்டாக வீணாகிறதே மனுஷ ஆயுள், அதைப் பற்றி யோசிக்கிறாராம். அதற்குள் ஒரு வாளித் தண்ணீர் வீணாகியிருக்கும்.

கண்டுபிடித்ததை வீட்டோடு வைத்துக்கொண்டாலாவது தலையெழுத்து என்று விட்டுவிடலாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், போதகர் பிரசங்கத்துக்கு முன்னால், சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் எழுந்து, அந்த வாரம் தனக்கு ஆண்டவர் கற்றுக்கொடுத்ததைச் சொல்லலாம். மற்றவர்கள் எல்லாம் வியாதி குணமானால் வருவார்கள், வேலை கிடைத்தால் வருவார்கள். இவர் மட்டும் வாரம் தவறாமல் வருவார். 'நம்ம உவமைக்காரர்' என்று பேர் வைத்ததே போதகர்தான். சின்னஞ்சிறுசிலிருந்து கிழடு கட்டை வரை எல்லார் வாயிலும் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. அதனால் அவள் 'உவமைக்காரம்மா' ஆனாள். யாராவது அப்படிக் கூப்பிட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சாட்சி சொல்ல வந்தவர் வளவளவென்று இழுத்துக்கொண்டே போனால், உட்கார்ந்திருக்கிறவர்களில் யாராவது ஒருவர் ஒரு பாட்டை எடுத்துவிடுவார். பாட்டு எடுத்தால் சபை எழுந்து நின்று கூடப் பாட வேண்டும். பேசுகிறவர் வாயை மூடிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட வேண்டும். யாருக்கும் மனஸ்தாபம் கிடையாது, எத்தனையோ பேரை அப்படி மரியாதையாக உட்கார வைத்திருக்கிறார்கள். ஆனால் உவமைக்காரருக்கு மட்டும் யாரும் பாட்டு எடுத்தது கிடையாது. எப்படி எடுப்பார்கள்? ஒருத்தன் தன் வீட்டு அடுப்படிக் கதவைத் தானே திறந்து காட்டும்போது, மூடு என்று எவன் சொல்வான்?

அவர் திறந்து காட்டியதில் பாதி, மகளுடைய சமாச்சாரம். அவள் ஏழு வயதில் படுக்கையை நனைத்ததும், அம்மா காலையில் ஒரு வார்த்தை திட்டாமல் விரிப்பை மாற்றியதும் கிருபைக்கு உவமையாயிற்று. அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பதினாலு வயதில் கணக்கில் தேறாமல் போனது தாழ்மைக்கு உவமை. தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்தது எதற்கோ உவமை, அது இப்போது நினைவில்லை, ஆனால் சபை சிரித்தது நினைவிருக்கிறது. "அன்பாத்தானேடி சொல்றேன்" என்பார். அன்பாகத்தான் சொன்னார், அதில் பொய்யில்லை. அவளைக் கேட்டு வந்த மாப்பிள்ளைகளில், பெண் பார்க்க வந்த இடத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் டீயைக் குடித்துவிட்டுப் போனவனைத்தான் வேண்டும் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "இவரு வாயைத் தொறக்க மாட்டாரும்மா" என்றாள்.

அந்த மகள்தான் திங்கட்கிழமை மத்தியானம் ஒரு பெட்டியோடு கடை வாசலில் வந்து நின்றாள்.

மூன்று மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. தங்கும் விடுதியிலிருந்து வந்த படுக்கை விரிப்புகள் மலையாகக் கிடந்தன. கடைக்காரம்மா ஒரு சட்டைக் காலரைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கலாமாம்மா?" என்றாள் மகள்.

"இதென்னடி கேள்வி? உள்ள வா."

"கொஞ்ச நாளுன்னு கேக்கல. இருக்கலாமா?"

கடைக்காரம்மா கையிலிருந்த நுரையை முன்றானையில் துடைத்தாள். "என்ன ஏதுன்னு அப்புறம் பேசிக்கலாம். முதல்ல சாப்பிடு. முகமெல்லாம் சுண்டிக் கிடக்கு."

கடைக்கு மேல்மாடியில்தான் வீடு. அங்கே ரொட்டியும் முட்டையும் எடுத்து வைத்தாள். மகள் பாதியில் நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு. வர்ற ஞாயித்துக்கிழமை அப்பா அங்க நின்னு என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாரு, அன்னிக்கே நான் கிளம்பிடுவேன். எங்கன்னு கேக்காதீங்க. கிளம்பினா திரும்பி வரமாட்டேன்."

"சொல்ல மாட்டாரு. நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துக்கிட்ட லட்சணம்தான் எனக்குத் தெரியுமே" என்று சொல்லிவிட்டு மகள் தட்டைக் கழுவப் போனாள்.

அந்த நிமிஷத்திலிருந்து கடைக்காரம்மாவுக்கு அந்த வாரம் முழுக்க வேலை ஒன்றுதான், புருஷன் வாயைக் காவல் காப்பது. அவரானால் மகளைப் பார்த்ததிலிருந்து கண் கலங்கியபடியே அலைந்தார். மகளின் தலையில் கை வைத்து, கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். பண்ணி முடித்ததும் பரபரவென்று மெஷின் அறைக்குள் போய் முன்னும் பின்னும் நடந்தார். அந்த நடையின் அர்த்தம் அவளுக்குத் தெரியும். அடைகாக்கிற கோழி மாதிரி உள்ளே ஒன்று உருவாகிறது என்று அர்த்தம்.

"என்னங்க, இங்க வாங்க. என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை என்ன பேசப் போறீங்க?"

"ஆண்டவர் என்ன குடுக்கறாரோ அதை."

"அவரு குடுக்கறதை எங்கிட்ட காட்டிட்டுப் போங்க."

"இந்தப் பட்டன் இருக்கு பாரு" என்று சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்தார். "டாக்டரம்மா கோட்டுல காணாமப் போச்சுல்ல? மெஷினுக்கு அடியில கிடந்துச்சு. காணாமப் போனது கெடச்சப்போ மனசுக்குள்ள ஒரு சந்தோஷம் பாரு…"

"வேண்டாம்."

"ஏன்?"

"காணாமப் போனது, கெடச்சது. சபையில ஒருத்தருக்கும் புரியாதாக்கும்? வேற சொல்லுங்க."

அவர் பட்டனைப் பையில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்தார். "நம்ம கடைக்கு முன்னாடி வந்துட்டிருந்தாரே அந்த ஓட்டல்காரர், விலை அதிகம்னு வேற கடைக்குப் போயி, அங்க துணியைக் கிழிச்சுட்டாங்கன்னு இப்ப திரும்பி…"

"திரும்பிங்கற வார்த்தையே கூடாது."

"அப்ப வாசல் விளக்கு. அதை நான் எப்பவும் அணைக்கறதில்ல, யாராவது வந்தா…"

"யாரு வந்தா? யாரும் வரல. வாசல், வீடு, வழி, விளக்கு, ஒண்ணும் கூடாது."

"ஏய் இவளே, அப்ப நான் என்னத்தைத்தான் பேச? வேதமே அந்த மாதிரிதானே இருக்கு! ஆடு தொலையுது, கெடைக்குது. காசு தொலையுது, கெடைக்குது. மகன் போறான், வர்றான். அதை எல்லாம் கழிச்சுட்டா எனக்கு என்ன மிஞ்சும்?"

"ஒரு வாரம் பேசாம உக்காருங்களேன். வானம் இடிஞ்சு விழுந்துடுமா?"

அவர் அடிபட்டவர் மாதிரி அவளைப் பார்த்தார். "சபை எதிர்பாக்கும்" என்றார். அதைச் சொன்ன குரல் பரிதாபமாக இருந்தது, அதனால் அவளுக்கு இன்னும் எரிச்சல் கூடியது.

புதன்கிழமை அந்தக் கூத்து நடந்தது. விடுதி விரிப்புகளை மெஷினில் போடுவது அவர் பொறுப்பு. வெள்ளையைத் தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றாக உதறிப் போட வேண்டும். விரிப்புக்குள் காலுறை இருக்கும், கைக்குட்டை இருக்கும், ஒரு தடவை பல் செட்டே இருந்தது. அன்றைக்கு மனுஷன் உதறவில்லை. காணாமல் போகாத, திரும்பி வராத ஓர் உவமையைத் தேடிக்கொண்டே மூட்டையை அப்படியே கவிழ்த்துவிட்டார். உள்ளே ஒரு சிவப்பு மேசைத்துணி சுருண்டு கிடந்திருக்கிறது. மெஷின் நின்றதும் திறந்து பார்த்தால், அத்தனை விரிப்பும் குழந்தை கன்னம் மாதிரி ரோஸ் நிறம்.

கடைக்காரம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "அட பாவி மனுஷா! நாளைக்குக் காலையில விடுதிக்காரன் வந்து கேப்பானே, என்ன சொல்லுவேன்?"

அவர் ஒரு விரிப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். முகம் மலர்ந்தது. சத்தியமாக மலர்ந்தது.

"பாத்தியா!" என்றார். "ஒரே ஒரு துணி. அவ்வளவு வெள்ளைக்கு நடுவுல ஒரே ஒரு…"

"வாயைத் தொறந்தீங்கன்னா இந்த வாளித் தண்ணியைத் தலையில கவுத்துடுவேன்."

சத்தம் கேட்டு மகள் வந்து பார்த்தாள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சாய நீக்கியைச் சுடுதண்ணீரில் கலக்க ஆரம்பித்தாள். மூன்று பேரும் சாயங்காலம் வரைக்கும் ஊற வைத்து, அலசி, மறுபடியும் ஊற வைத்தார்கள். மருந்து நெடியில் கண் எரிந்தது. விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போயிற்று. கடைசி விரிப்பும் வெளுத்து வந்தபோது மகள் அதை ரெண்டு கையாலும் பிழிந்து, "இது போதும்மா" என்றாள். அவள் வந்ததிலிருந்து நிம்மதியாகப் பேசியது அப்போதுதான்.

கடைக்காரம்மாவுக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. அந்த யோசனையை நினைத்துத்தான் பின்னால் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"இதையே பேசிடுங்க" என்றாள். "சிவப்புத் துணி கலந்துச்சு, கவனமில்லாமப் போட்டேன், என் பெண்டாட்டி திட்டினா. கவனமா இருக்கணும்னு ஆண்டவர் கத்துக் குடுத்தாரு. உக்காந்துடுங்க. என்னை வேணும்னா நல்லா இழுத்து வச்சுப் பேசுங்க, பரவாயில்ல. அவ பக்கம் போகக் கூடாது."

"போகல. சத்தியமா போகல."

"கர்த்தர் பேர்ல?"

"சத்தியம் பண்ணக் கூடாதுன்னு வசனம் இருக்கு. ஆனா போகல."

ஞாயிற்றுக்கிழமை மகளும் கிளம்பினாள். நீ வீட்டில் இரு என்று கடைக்காரம்மா கெஞ்சிப் பார்த்தாள். "நான் எதிர்லயே உக்காந்திருக்கேன். மூஞ்சிக்கு நேரா பேசறாரான்னு பாப்போம்" என்றாள் மகள். பெட்டியைப் பூட்டி, சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அதை அம்மா பார்க்க வேண்டும் என்றே செய்தாள்.

இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். எட்டிப் பார்க்காத தலையில்லை. "எப்ப வந்தே?" "மாப்பிள்ளை வரலியா?" மகள் எல்லாவற்றுக்கும் ஒரே புன்சிரிப்பைத் திருப்பிக் கொடுத்தாள். சாட்சி நேரம் வந்தது. உவமைக்காரர் எழுந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முன்னால் போய் நின்றார்.

நன்றாகத்தான் ஆரம்பித்தார். பாவம், திறமைசாலிதான். மூட்டையைக் கவிழ்த்ததைச் செய்து காட்டினார். மனைவி தலையில் கை வைத்து உட்கார்ந்ததையும் செய்து காட்டினார், சபை குலுங்கிச் சிரித்தது. கடைக்காரம்மாகூடக் கொஞ்சம் நிம்மதியாகச் சாய்ந்தாள். சாய நீக்கி, சுடுதண்ணீர், ஊற வைத்தது, அலசியது. இதோடு உட்காருங்க, இதோடு உட்காருங்க என்று அவள் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

அவர் உட்காரவில்லை. கண் மகள் மேல் போய் நின்றுவிட்டது. குரல் தழுதழுத்தது.

"பிரியமானவங்களே, வெள்ளையா நம்ம வீட்டை விட்டுப் போன துணிதான். வெளிய போயி, சாயம் ஏறி, கசங்கி வருது. சலவைக்காரன் அதை வேண்டாம்னு தூக்கி எறிவானா? இந்த வாரம் என் சொந்த வீட்டுக்கே அப்படி ஒரு துணி…"

கடைக்காரம்மா எப்போது எழுந்து நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. வாயைத் திறந்தாள். வாய்க்கு வந்த பாட்டை எடுத்தாள். அவளுக்குச் சுருதி என்றால் என்னவென்றே தெரியாது. பாட்டு நேரத்தில் உதட்டை மட்டும் அசைத்துக் காலத்தை ஓட்டினவள். அன்றைக்குக் கட்டடம் அதிர்ந்தது. அந்த நேரம் பார்த்து அவள் வாய்க்கு வந்தது, ஆளை அடக்கம் பண்ணும்போது குழிமேட்டில் நின்று பாடுகிற பாட்டு.

ஆர்கன் வாசிக்கிறவர் எந்தச் சுருதி என்று தெரியாமல் கட்டையைத் தடவினார். ஆனால் வழக்கம் வழக்கம்தான். முதலில் பின்வரிசைப் பெரியவர் எழுந்தார், பிறகு ஒவ்வொருத்தராக எழுந்தார்கள். போதகரும் எழுந்து, குழப்பமான முகத்தோடு வாயைத் திறந்தார். உவமைக்காரர் பாதி வார்த்தை வாயில் இருக்க, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். பிறகு தன் இடத்துக்குப் போனார். அவள் நிறுத்தவில்லை. எல்லாச் சரணத்தையும் பாடினாள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் அடுத்த கூத்து. வீட்டில் யாரோ தவறிவிட்டார்கள் என்று சபை முடிவு கட்டிவிட்டது. வரிசையில் நின்று கையைப் பிடித்தார்கள். பாடகர் குழு அக்கா மகளைக் கட்டிக்கொண்டு, "எப்பம்மா ஆச்சு? உடம்புக்கு முடியாம இருந்தாரா?" என்று அழுதாள்.

"யாரும் சாகல அக்கா. எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க" என்றாள் மகள்.

"மனசைத் தேத்திக்கோம்மா" என்றாள் பாடகர் குழு அக்கா.

வீட்டுக்கு வந்து கடைக் கதவைச் சாத்தியதும் அவர் வெடித்தார். ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் ஒரு மெஷினை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"இத்தனை வருஷத்துல எனக்கு ஒருத்தன் பாட்டு எடுத்ததில்ல! கட்டின பெண்டாட்டி எடுக்கறா! அதுவும் சாவுப் பாட்டு!"

"உங்க வாயை அடக்கம் பண்ணத்தான் எடுத்தேன்! சொன்னீங்கல்ல, போக மாட்டேன்னு சொன்னீங்கல்ல? வெக்கமா இல்ல?"

"நான் பேரைச் சொன்னேனா? மகள்னு சொன்னேனா? துணின்னுதானே சொன்னேன்!"

மாடிப்படியில் பெட்டி இடித்து இடித்து இறங்குகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் நிறுத்தினார்கள். மகள் பெட்டியோடு அறை வாசலில் நின்றாள். கடைக்காரம்மா போகாதடி என்று சொல்ல வந்தாள், அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"தப்பா ஒண்ணும் சொல்லலியேம்மா" என்றார் அவர். கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. "அன்பாத்தானே சொன்னேன். எவ்வளவு சாயம் ஏறியிருந்தாலும் அப்பன் வீட்டுல உனக்கு இடம் இருக்குன்னுதானே சொல்ல வந்தேன்."

"என்ன சாயம்ப்பா?"

"என்னம்மா?"

"எனக்கு என்ன சாயம் ஏறியிருக்கு? சொல்லுங்க, கேக்கறேன்."

எந்தக் கேள்விக்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மனுஷன் பெண்டாட்டி பக்கம் திரும்பினார்.

"நான் தப்புப் பண்ணிட்டு வந்தேனா, அவரு தப்புப் பண்ணாரா, ரெண்டு பேரும் பண்ணலியா? என்ன தெரியும் உங்களுக்கு? ஒண்ணும் தெரியாது. ஆனா பாடம் மட்டும் ரெடி. திங்கக்கிழமையிலேருந்து இந்த வீட்டுலதான் இருக்கேன். என்ன நடந்துச்சுன்னு ஒருத்தர், ரெண்டு பேர்ல ஒரே ஒருத்தர், கேட்டீங்களா?"

நான் கேட்டேனே என்று கடைக்காரம்மா சொல்ல வந்தாள். வார்த்தை உதட்டு வரைக்கும் வந்துவிட்டது. கேட்கவில்லை. சாப்பிடு என்றாள், தூங்கு என்றாள், தலையணை உறையை மாற்றினாள், வாரம் முழுக்கப் புருஷன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற பிள்ளையின் வாயை ஒரு தடவை பார்க்கவில்லை. கேட்டால் என்ன வருமோ என்று பயம். அந்தப் பயத்துக்குக் காவல் என்று பேர் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது, அழுவதற்கும் வெட்கமாக இருந்தது.

உவமைக்காரர் போய் மெஷினை நிறுத்தினார். அறை திடீரென்று அமைதியானது. அழுக்குத் துணி மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

"என்னம்மா நடந்துச்சு?" என்றார்.

மகள் பெட்டியைக் கீழே வைத்தாள், ஆனால் கைப்பிடியை விடவில்லை.

"ஒண்ணும் நடக்கல. அடிக்கல, குடிக்கல. பேசல, அவ்வளவுதான். முதல்ல எங்கிட்ட கம்மியா பேசினாரு. அப்புறம் அவங்க அம்மா வழியா பேசினாரு. ஒரு நாள் மூணு பேரும் சாப்பிட்டுட்டிருக்கோம். அவரு எனக்கு எதிர்ல. அவங்க அம்மாகிட்ட சொல்றாரு, 'அவகிட்ட உப்பைக் குடுக்கச் சொல்லு'ன்னு. உப்பு என் கைக்குப் பக்கத்துல இருக்கு…"

உப்பு.

கடைக்காரம்மா சட்டென்று புருஷனைப் பார்த்தாள். மகளும் பேச்சை நிறுத்திவிட்டு அவரைத்தான் பார்த்தாள். உப்பு என்றால் அவருக்கு எத்தனை வசனம், எத்தனை உவமை, சாரமுள்ளது, சாரமற்றது, ஒரு வருஷத்துக்குத் தாங்கும். அவர் கண்ணில் அது வந்துவிட்டது, தெரிந்தது. உதடு பிரிந்தது. தொண்டைக்குழி மேலே ஏறியது.

அவர் எச்சிலை விழுங்கினார். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்புறம்?" என்றார்.